“சோபாவில் ஏற மாட்டேங்குது டாக்டர்!”

போன இதழில் தடுப்பூசி பற்றி எழுதும்போது, என் பழைய டாக்ஸ்ஹண்ட் (குட்டைக் கால், நீள உடம்பு நாய்) ‘பல்லவன்’ பற்றி இரண்டே வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். தடுப்பூசி பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை. நீள நாய்க்காரர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் ‘டேஷண்ட்’ என்கிறார், ஒருவர் ‘டாக்ஸ் ஹவுண்டு’, இன்னொருவர் ‘எங்கள் வீட்டு டாக்ஸி’ என்றே எழுதியிருக்கிறார். ஜெர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் வளைக்கரடி என்ற, வளை தோண்டி வாழும் சிறு பிராணி; ‘ஹுண்ட்’ என்றால் நாய். எப்படி எழுதினாலும் அதே ஆள்தான். இந்த முறை முழுப் பக்கமும் அவர்களுக்கே.

கேள்வி: எங்கள் ரோஸிக்கு ஐந்து வயது. நேற்று முதல் சோபாவில் ஏறவில்லை. தூக்கினால் வீலென்று கத்துகிறாள். உடம்பு நடுங்குகிறது, வயிறு கல் மாதிரி இருக்கிறது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். என் கணவரின் வலி மாத்திரை வீட்டில் இருக்கிறது. கால் பாகம் கொடுக்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மனிதர்களுக்கான ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் பாகமும் வேண்டாம், அரைக்கால் பாகமும் வேண்டாம். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

இது வயிறு அல்ல, பெரும்பாலும் முதுகு. முதுகு வலிக்கும்போது நாய் வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாம் தொட்டுப் பார்த்துவிட்டு ‘வயிறு உப்பிக் கிடக்கிறது’ என்போம். இதில் நானும் ஏமாந்தவள்தான்.

பல்லவன் 1992-ல் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலை கூடத்துக்கு வந்துவிடும், வால் இன்னும் வாசலில் நிற்கும். அதனால் சென்னையில் அப்போது ஓடிய டவுன் பஸ்ஸின் பெயரை வைத்தோம். அவனுடைய ஆறாவது வயதில், தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, கட்டிலில் ஏறுவதை நிறுத்தினான். வயிற்றை அமுக்கினேன், முனகினான். மலச்சிக்கல் என்று முடிவுகட்டி மருந்து கொடுத்தேன். அப்போது எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். அடுத்தவர் நாயாக இருந்திருந்தால் மேஜைமேல் நிற்க வைத்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தடவியிருப்பேன். சொந்த நாய் என்றால் டாக்டர் புத்தி வேலை செய்யாது, வீட்டுக்காரி புத்திதான் வேலை செய்யும். தீபாவளி இரவு, தெருவில் ஓர் அணுகுண்டு வெடித்தது. என் அம்மா மடியிலிருந்து குதித்தான். காலையில் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி தரையில் இழுபட்டன.

உள்ளே நடப்பது இதுதான். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே டிஸ்க் என்ற மெத்தை இருக்கிறது. அதன் உட்பகுதி இளநுங்கு மாதிரி குழைவாக இருக்க வேண்டும். டாக்ஸ்ஹண்டின் காலைக் குட்டையாக்கும் பரம்பரைக் கோளாறுதான் டிஸ்க்கையும் கெடுக்கிறது. ஒரு வயது ஆவதற்குள்ளேயே நுங்கு முற்றிக் கடுக்காய் நுங்காகத் தொடங்கிவிடும், பிறகு சுண்ணாம்பு படியும். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் ஒருநாள் அது வெடித்து மேல்நோக்கிப் பிதுங்கும். மேலே ஓடுவது தண்டுவடம். பெரும்பாலும் நடு முதுகில், விலா எலும்பு முடிகிற இடத்தை ஒட்டித்தான் இது நடக்கும். இந்த ஜாதியில் ஐந்து நாயில் ஒன்றுக்காவது வாழ்நாளில் ஒருமுறை வரும்.

அதனால் ‘ஏற மாட்டேங்குது, தூக்கினால் கத்துது, கூனிக்கொண்டு நிற்குது’ என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். நடை தள்ளாடினால், கால் இழுபட்டால், அந்த மணிக்கே. தோளில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஸ்கூட்டரின் கால்வைக்கும் பலகையில் நிறுத்தியும் வேண்டாம். துணிக்கூடையிலோ ஒரு பலகையிலோ படுக்க வைத்து, முதுகு வளையாமல் எடுத்துப் போங்கள். வழியில் வேறு ஒருவர் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அடுத்த டாக்டரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்டீராய்டையும் வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துக் குடலில் ரத்தம் கசிந்து போன நாய்களைப் பார்த்திருக்கிறேன். முதுகு பிழைத்திருக்கும், நாய் பிழைத்திருக்காது.

கேள்வி: மூன்று நாளாக எங்கள் நாய்க்குப் பின்னங்கால் வரவில்லை. ஒருவர் ஆபரேஷன் என்கிறார். பக்கத்து வீட்டில் புத்தூர் கட்டுப் போடச் சொல்கிறார்கள். என் மாமனார், ‘வாயில்லா ஜீவன், ஊசி போட்டு அனுப்பிவிடு’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கட்டு, முறிந்த எலும்புக்கு. இங்கே எலும்பு முறியவில்லை, தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. எண்ணெய் போட்டு உருவினால் பிதுங்கியது இன்னும் பிதுங்கும். மாமனாரின் இரக்கம் புரிகிறது, ஆனால் அவர் அவசரப்படுகிறார்.

உங்கள் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ‘ஆழ்ந்த வலி உணர்வு இருக்கிறதா?’ அவர் கால் விரலைக் கருவியால் அழுத்திப் பார்ப்பார். கால் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது, அது வெறும் அனிச்சைச் செயல். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்படிச் செய்தால், நடக்க முடியாத நாயும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. வலியே தெரியவில்லை என்றால், சீக்கிரம் ஆபரேஷன் செய்தாலும் பாதிக்குப் பாதிதான்; நாள் ஆக ஆக அதுவும் குறையும். மூன்று நாளைக் கடத்திவிட்டீர்கள், நாலாவது நாளைக் கடத்தாதீர்கள். எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு படிந்த டிஸ்க் தெரியலாம், ஆனால் தண்டுவடம் எங்கே எவ்வளவு நசுங்கியது என்பது தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வேண்டும். அந்த வசதி எங்கே இருக்கிறது என்று உங்கள் டாக்டரே சொல்வார்.

ஆபரேஷனுக்கு வழியில்லை, ஆனால் உணர்வு இருக்கிறது என்றால், கூண்டு. பல்லவனுக்கு நான் செய்தது அதுதான். அன்றைக்கு எங்கள் ஊரில் வேறு வழி இல்லை. எழுந்து நிற்க, திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், அதற்குமேல் ஓர் அடி கூடாது. குறைந்தது நாலு வாரம். நான் ஐந்து வாரம் வைத்தேன். வலி மருந்து வேலை செய்தவுடன் மூன்றாம் நாளே ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று நம் நாலுகால் ஆட்கள் ஊரைக் கூட்டுவார்கள். நம்பாதீர்கள். வலிதான் போயிருக்கும், டிஸ்க் அப்படியே இருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் மனசு இளகித் திறந்துவிடுவார். எங்கள் வீட்டில் அம்மா. கூண்டுக்குப் பூட்டு போட்டுச் சாவியை என் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டேன்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள்: சிறுநீர். கால் வராத பல நாய்களுக்குத் தானாகச் சிறுநீர் போக வராது. பை நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து ‘போகிறதே’ என்று இருந்துவிடக் கூடாது. அடிவயிற்றை இரு பக்கமும் அணைத்து ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை பிழிந்துவிட வேண்டும். டாக்டர் கையைப் பிடித்துக் காட்டித்தர வேண்டிய வித்தை, எழுத்தில் வராது. படுக்கையைக் காயவைத்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புண் வரும்.

மூன்றாவது வாரம் பல்லவன் வாலை ஆட்டினான். நாலாவது வாரம் நின்றான். அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தான். திருப்பத்தில் மட்டும் பின்பக்கம் ஒரு சாய்வு சாயும், ஆபீஸ் நேரத்து பஸ் மாதிரி.

கேள்வி: எங்கள் பையன் 13 கிலோ. தயிர்சாதம் என்றால் உயிர். சாயங்காலம் டீயோடு நாலு பிஸ்கட். பாவமாகப் பார்க்கிறான், கொடுக்காமல் இருக்க முடியவில்லை. (மதுரை வாசகி)

பதில்: போட்டோ பார்த்தேன். பையன் இல்லை அம்மா, திண்டு. அந்த உடற்கட்டுக்கு 9 கிலோ போதும். 60 கிலோ ஆள் கிட்டத்தட்ட 87 கிலோ ஆன கணக்கு. அதுவும் இரண்டு தூண் தூரத் தூர நிற்க, நடுவில் தொங்கும் பாலத்தில் அந்தச் சுமை. பாவப் பார்வை பசியால் அல்ல, பயிற்சியால் வந்தது. நீங்கள் கொடுத்த பயிற்சி.

வாரத்துக்கு நூற்றைம்பது கிராம் இறங்கினால் போதும், பட்டினி போடாதீர்கள். சோற்றைப் பாதியாக்கி வேகவைத்த பீன்ஸ், பூசணி, தோல் நீக்கிய கோழிக்கறி சேருங்கள். வெங்காயம் வேண்டாம். விலாவில் கை வைத்துத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், அதுவரை. ஒரு சந்தேகம்: தண்ணீர் அதிகம் குடிக்கிறானா, வயிறு மட்டும் தொங்கி, முடி உதிர்கிறதா? அப்படியென்றால் குற்றவாளி தயிர்சாதம் மட்டும் அல்ல. குஷிங் என்ற ஹார்மோன் நோய் வயதான டாக்ஸ்ஹண்டுகளுக்கு வருவது உண்டு, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. படி ஏறி இறங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: இறங்கும்போது தூக்குங்கள், ஒரு கை நெஞ்சின் கீழ், ஒரு கை பின்புறத்தின் கீழ், நாய் தரைக்குச் சமமாக. ஆனால் பயந்துபோய் நடக்கவே விடாமல் வைப்பது பெரிய தப்பு. முதுகைத் தாங்குவது தசை, தசை வருவது நடையால். எனக்குப் படியைவிட உங்கள் வழவழ டைல்ஸ் மேல்தான் கோபம். கால் வழுக்கி இடுப்பு முறுக்கிக்கொள்ளும். கட்டிலோரம், சோபாவோரம் பழைய கயிற்றுப் பாயைப் போடுங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சுப்பட்டை மாட்டுங்கள். ஆண் நாய்க்குக் கருத்தடை எப்போது என்றும் கேட்டிருக்கிறீர்கள்: ஒரு வயது முடியட்டும். அதற்குமுன் செய்த டாக்ஸ்ஹண்டுகளுக்கு டிஸ்க் தொல்லை கூடுதல் என்று பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது.

கேள்வி: அக்குள் கறுத்துத் தடித்து யானைத்தோல் மாதிரி ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவலாமா? (சேலம் வாசகி)

பதில்: கற்பூரம் நாய்க்கு விஷம், நக்கிவிடும். டாக்ஸ்ஹண்ட் குட்டிகளுக்குப் பரம்பரையாக வரும் ஓர் அக்குள் கறுப்பு உண்டு, ஆனால் அது அபூர்வம். ஐந்தாறு வயது நாய்க்கு என்றால் ஒவ்வாமை, உடல் பருமனால் உரசல், மேலே ஈஸ்ட் கிருமி. புளித்த வாடை அடிக்கிறதா பாருங்கள். தேய்த்துக் கழுவினால் வெளுக்காது, இன்னும் கறுக்கும்.

கேள்வி: பத்து வயது. சாப்பிடும்போதெல்லாம் தும்மல், ஒரு மூக்கில் மட்டும் சளி. சளி மருந்து மூன்று முறை கொடுத்தாகிவிட்டது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மூக்கை விடுங்கள், பல்லைப் பாருங்கள். நீள மூஞ்சிக்காரர்களுக்கு மேல் கோரைப்பல்லின் உட்பக்கம் ஈறு அரித்து, மூக்குவரை ஓட்டை விழும். வெளியிலிருந்து பார்த்தால் பல் முத்துப்போல இருக்கும், அதுதான் ஏமாற்று வேலை. மயக்கம் கொடுத்துத்தான் அளந்து பார்க்க முடியும். பல்லை எடுத்து ஓட்டையைத் தைத்தால் தும்மல் நிற்கும். மயக்கத்துக்கு முன் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் வால்வு கசிவது சகஜம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது புள்ளி போட்ட ‘டாப்பிள்’ பெண். அதே மாதிரி ஆண் கிடைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் குட்டி நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். (கோவை வாசகர்)

பதில்: சேர்க்காதீர்கள். அந்தப் புள்ளி மரபணு ஒன்று வந்தால் அழகு, இரண்டு வந்தால் ஊன அபாயம். நாலு குட்டியில் ஒன்றுக்கு இரண்டும் வரும் என்பது கணக்கு: அது கண் சிறுத்தோ குருடாகவோ, காது கேளாமலோ பிறக்கலாம். அந்தக் குட்டிக்கு என்ன விலை சொல்வீர்கள்? டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து பக்கம் இனப்பெருக்கத்துக்கு விடும் முன் இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க் எத்தனை என்று எண்ணுகிறார்கள். நம் ஊரில் அதைக் கேட்டால் விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும், கேளுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் ஒரு மல்லிகைச் செடி மிச்சமில்லை. எல்லாவற்றையும் தோண்டிவிட்டது. அடித்தும் பார்த்தாயிற்று. (திண்டுக்கல் வாசகி)

பதில்: அடிக்காதீர்கள். வளைக்குள் புகுந்து வளைக்கரடியோடு சண்டை போட வளர்த்த ஜாதி, உங்கள் மல்லிகைக்கு மரியாதை கொடுக்குமா? மூலையில் ஒரு மூட்டை மணலைக் கொட்டி, அதற்குள் ஒரு கேரட்டைப் புதையுங்கள். பல்லவன் காலத்தில் எங்கள் வீட்டில் மல்லிகையே கிடையாது. பூக்காரம்மாவிடம் வாங்கிக்கொண்டோம்.