9/11 தாக்குதலுக்குப் பிறகு விமான நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு பணத்தை அள்ளிக் கொடுத்தது நியாயமா? பாதுகாப்பில் கோட்டைவிட்டதே அவர்கள்தானே?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கோ பட்டிமன்றத்துக்கோ தயார் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். எப்படியிருந்தாலும் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 2001 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதித்த ஸ்கிரீனர்களில் நானும் ஒருவன். "கோட்டைவிட்டவர்கள்" என்று அப்போது டிவியில் சொன்னது எங்களைத்தான்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது அரசு. 13-ஆம் தேதி வரை வழக்கமான பயணிகள் விமானம் எதுவும் கிளம்பவில்லை. கடையை மூடச் சொன்னவர் அந்த நாட்களின் நஷ்டத்தில் பங்கெடுப்பது முறைதான். அதைவிடப் பெரிய சிக்கல் காப்பீடு. போர், பயங்கரவாதச் சேதத்துக்கான காப்பீட்டை ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துக் காப்பீட்டு நிறுவனங்கள் ரத்து செய்துவிட்டன. அரசு உள்ளே வந்திருக்காவிட்டால் விமானங்கள் மறுபடியும் தரையில் நின்றிருக்கும்.

ஆனால் கொடுத்த விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். தாக்குதல் நடந்து பதினோராம் நாள், செப்டம்பர் 22 அன்று, அதிபர் புஷ் உதவிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 500 கோடி டாலர் ரொக்கம், 1000 கோடி டாலர் வரை கடனுக்கு உத்தரவாதம். செனட்டில் 96 பேர் ஆதரவு. எதிர்த்தவர் இல்லினாய்ஸின் பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒருவர் மட்டும். கீழவையில் 356-க்கு 54. அந்த ரொக்கத்தை வாங்குகிறவர்கள் ஆளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று ஒரு வரிகூடச் சட்டத்தில் இல்லை. யுனைடெட் 20,000 பேர், அமெரிக்கன் 20,000 பேர் என்று ஆட்குறைப்பு அறிவித்ததும் அதே மாதத்தில்தான். வேலை போனவர்களுக்கு உதவ மிசௌரி செனட்டர் ஜீன் கார்னஹன் கொண்டுவந்த திருத்தம் 190 கோடி டாலர் சமாச்சாரம். அக்டோபரில் அது வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் ஆதரவு தேவைப்பட்டது. 56 பேர்தான் கிடைத்தார்கள். நிறுவனங்களுக்கு 11 நாளில் முடிந்த காரியம் தொழிலாளிக்கு முடியவே இல்லை.

நான் விமான நிறுவனங்களுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டவருக்கெல்லாம் அரசு வாரிக் கொடுத்தது என்றும் சொல்லவில்லை. யுனைடெட் கேட்ட 180 கோடி டாலர் உத்தரவாதத்தை 2002 டிசம்பரில் மறுத்துவிட்டார்கள். சில நாளிலேயே அது திவால் மனு போட்டது. இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

இனி என் கதை. அமெரிக்காவில் இருந்த அண்ணன் 1986-ல் எனக்காகப் போட்ட குடியேற்ற மனு 1998 ஆகஸ்டில்தான் பலித்தது. மதுரையில் ஒரு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன், 41 வயதில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் வந்து இறங்கினேன். பி.காம். படிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை. பக்கத்து வீட்டு பிலிப்பினோக்காரர்தான் விமான நிலைய வேலைக்குக் கூட்டிப்போனார். நான் சேர்ந்த இடத்தில் பெரும்பாலோர் அவர் ஊர்க்காரர்கள்.

அப்போது பயணிகளைச் சோதிப்பது அரசு வேலை இல்லை. விமான நிறுவனங்களின் பொறுப்பு. அவர்கள் அதை ஒப்பந்தத்துக்கு விடுவார்கள். குறைந்த விலை சொன்னவனுக்கு வேலை. என் கம்பெனியும் அப்படி வந்ததுதான், பெயர் வேண்டாம். வகுப்பு 12 மணி நேரம், அப்புறம் பழையவர்கள் கூட நின்று பழகுவது 40 மணி நேரம். சம்பளம் மணிக்கு 6 டாலர் சொச்சம். இரண்டு கடை தள்ளி பர்கர் விற்றால் அதைவிடக் கூடக் கிடைக்கும். அதனால் ஆட்கள் வந்த வேகத்தில் போனார்கள். இது என் ஊகம் இல்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2000-லேயே அறிக்கை கொடுத்திருந்தது: 19 பெரிய விமான நிலையங்களில் ஸ்கிரீனர்கள் வேலையை விட்டுப் போகும் வேகம் ஆண்டுக்குச் சராசரி 126 சதவீதம். ஓரிடத்தில் 416. அதாவது ஒரே வருடத்தில் மொத்தக் கூட்டமும் நாலு தடவைக்கு மேல் மாறியிருக்கிறது. எக்ஸ்ரே திரையில் கத்தி கிடையாகக் கிடந்தால் கத்தி மாதிரித் தெரியும். விளிம்பு மேலே பார்த்துச் செங்குத்தாக நின்றால் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைக் கண்ணுக்குப் பழக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மூன்று மாதத்தில் போய்விடுகிறவனுக்கு அது எப்படி வரும்?

எங்கள் விமான நிலையம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. 2000-ல் ஒரு விதி கொண்டுவந்து ஸ்கிரீனர்களின் சம்பளத்தை மணிக்கு 10 டாலருக்கு ஏற்றினார்கள், மருத்துவக் காப்பீடும் சேர்த்து. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னால் கணக்கெடுத்தார்கள்: ஆண்டுக்கு 95 சதவீதம் பேர் மாறிக்கொண்டிருந்த இடத்தில் 19 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பத்து டாலர் வந்த மாதம் என் மனைவி இரவு வேலையை விட்டார். நானும் வேறு வேலை தேடுவதை விட்டேன்.

எங்கள் சோதனை மேசையின் விளிம்பில் ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். சரியாக நாலு அங்குலம். பையில் கத்தி அகப்பட்டால் அலகை அதன்மேல் வைத்துப் பார்ப்போம். டேப்பைவிட நீளமென்றால் எடுத்து வைப்போம், குறைவென்றால் திருப்பிக் கொடுத்து "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்போம். நாலு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை உள்ளே விடலாம் என்பது அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் போட்ட விதி. நாங்கள் போட்டதில்லை.

அன்று எனக்கு விடியற்காலை ஷிப்ட். முதல் விமானம் கோபுரத்தில் மோதியபோது இங்கே மணி 5.46. மதுக்கடை டிவி முன்னால் கூட்டம் கூடியது. எங்கள் வரிசையில் முன்னால் நின்றவர் செருப்பைக் கழற்றவா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. ஏழு மணிக்குள் நான்காவது விமானமும் காணாமல் போனது. நியூவார்க்கில் கிளம்பிய யுனைடெட் 93. பென்சில்வேனியாவில் விழுந்த அந்த விமானம் வரவேண்டியது எங்கள் விமான நிலையத்துக்கு. டெர்மினலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெளியே போகும் வழியில் வருகைப் பலகையைப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

சில நாள் கழித்து வேலைக்குத் திரும்பினால் மேசையில் அந்த டேப் இல்லை. யாரோ உரித்திருக்கிறார்கள். பசைக் கறை மட்டும் நாலு அங்குலத்துக்கு அப்படியே இருந்தது.

அப்புறம் பழி ஆரம்பித்தது. குறைந்த சம்பளக்காரன், படிக்காதவன், வெளிநாட்டுக்காரன். ஒரு பயணி என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, தன் பையை நான் தொடக் கூடாது, வேறு ஆள் வரட்டும் என்றார். டீச்சரம்மா வந்து சோதித்தார். மணிலாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அதனால் நான் வைத்த பெயர் அது. 14 வருட அனுபவம். அவர் கையில் சிக்காமல் ஒரு தீப்பெட்டி போகாது.

சிலர் இங்கே கேட்பீர்கள்: அப்படியானால் 19 கடத்தல்காரர்களும் எப்படி உள்ளே போனார்கள் என்று. விசாரணை ஆணையத்தின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். அவர்களில் பாதிக்கு மேல் பேரை, சந்தேகத்துக்குரியவர்கள் என்று விமான நிறுவனங்களின் கணினி ஏற்பாடே காட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அன்றைய விதிப்படி அவர்கள் அனுப்பும் பெட்டியைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆளைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. ஸ்கிரீனர்கள் தப்பே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. தப்பு நடந்திருக்கும். ஆனால் விதி எழுதினவர், குறைந்த விலைக்கு ஒப்பந்தம் கொடுத்தவர், எல்லோரும் விலகிக்கொள்ள, பத்து டாலர்காரன் தலையில் மொத்தத்தையும் கட்டுவது என்ன நியாயம்?

பாதுகாப்பை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செனட் 100-க்கு 0 என்று வாக்களித்தது. கீழவையில் டிக் ஆர்மி, டாம் டிலே போன்ற குடியரசுக் கட்சித் தலைவர்கள் அரசு ஊழியர்கள் கூடாது, தனியாரே இருக்கட்டும் என்றார்கள். கடைசியில் நவம்பர் 19 அன்று சட்டம் வந்தது, அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ. பிறந்தது. அரசு எடுத்துக்கொள்வதை முழு மனதோடு ஆதரித்தவன் நான். சம்பளம் கூடும், மரியாதை கூடும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டத்தைப் படித்துப் பார்த்த தொழிற்சங்கத்துக்காரர்தான் சொன்னார்: அமெரிக்கக் குடிமகனாக இருந்தால்தான் ஸ்கிரீனர் வேலை. ஒரு வருடம் கெடு.

குடியுரிமை வாங்க கிரீன் கார்டோடு ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது முடிவது 2003 ஆகஸ்டில். கெடு 2002 நவம்பர். ஒன்பது மாதம் இடித்தது. டீச்சரம்மா குடியுரிமைக்கு மனு போட்டு வரிசையில் இருந்தார். நேர்காணல் தேதி 2003 ஜனவரி.

அப்போது எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் தேசியக் காவல் படையினர் துப்பாக்கியோடு நிற்பார்கள். ஒரு பையன், இருபது வயதிருக்கும், மெக்சிகோவில் பிறந்தவன். டீ இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தபோது தானும் கிரீன் கார்டுதான் என்றான். ராணுவத்தில் சேரக் குடியுரிமை தேவையில்லை. அதே வாசலில் அவன் துப்பாக்கி ஏந்தி நிற்கலாம். நான் ஒரு பாட்டியின் கைப்பையைத் திறந்து பார்க்கக் கூடாது. அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவனே வெட்கப்பட்டான். குடியுரிமை கேட்பதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. வேலையில் இருப்பவனுக்கு, மனு போட்டு வரிசையில் நிற்பவனுக்கு, கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கலாம். இதைக் கேட்டுத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் சில ஸ்கிரீனர்கள் வழக்கும் போட்டார்கள். எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று. சில விமான நிலையங்களில் மட்டும் ஒரு முயற்சியாகத் தனியாரையே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அதில் எங்களுடையதும் ஒன்று. ஆக, தனியார் கம்பெனி இருக்கலாம், நாங்கள் இருக்கக் கூடாது. 2002 அக்டோபரில் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற டீச்சரம்மா தன் பேட்ஜைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து வந்த பொங்கலுக்கு நம்மவர்கள் சங்கத்து விழாவுக்குப் போயிருந்தேன். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" விமான நிலையத்தில் ஸ்கிரீனராக இருந்தேன், இப்போது வேலை இல்லை என்றதும், ஒருவர் தட்டோடு எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார். டாட்காம் எனப்பட்ட இணையக் கம்பெனிகள் சரிந்து அவர்களிலும் எத்தனையோ பேருக்கு வேலை போயிருந்த நேரம் அது. அவர்களுக்கு வேலை போனால் பொருளாதார மந்தம், எனக்குப் போனால் தகுதிக் குறைவு. என் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் அந்தச் சங்கத்துப் பக்கமே நாங்கள் போகவில்லை. பக்கத்து வீட்டு பிலிப்பினோக்காரர்தான் அடுத்த வேலையும் பார்த்துக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக் கிடங்கில். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

2020-ல் கொரோனாவுக்காக மறுபடி உதவி கொடுத்தபோது சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 2500 கோடி டாலர், ஆனால் சம்பளத்துக்காக மட்டும். செப்டம்பர் 30 வரை ஆட்குறைப்பு கூடாது. ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர் சம்பளத்துக்குத் தனியாக 300 கோடி. ஒப்பந்தக் கூலி என்று ஒருவன் இருக்கிறான் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன்.

அதனால் போட்டியில் நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் சரி. "ஸ்கிரீனர்களின் அலட்சியம்" என்று எழுதி வைத்திருந்தால் மட்டும் அதை அடித்துவிட்டு, 126 சதவீதம், 95 சதவீதம், 19 சதவீதம் என்ற மூன்று எண்களையும் அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவர் விளக்கம் கேட்டால், சம்பளத்தைக் கூட்டியதும் குறைந்துபோன ஆள் மாற்றம் அது என்று சொல்லுங்கள்.