ஆளில்லா விமானத்தை அணுசக்தியில் பறக்கவிட முடியுமா?

பைலட்டே இல்லை என்றால் கதிர்வீச்சுக் கவசமும் வேண்டாமே, அப்புறம் ஏன் அணுசக்தி டிரோன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1955-57இல் அமெரிக்காவின் என்பி-36எச் விமானம் அணு உலை ஒன்றைச் சுமந்து 47 முறை பறந்தது. உலை எஞ்சினை ஓட்டவில்லை, சும்மா சோதனைக்குத்தான். விமானிகளைக் காக்க ஈயமும் ரப்பரும் பதித்த அறையே சுமார் 11 டன்! ஆளில்லாவிட்டால் அந்தப் பாரம் மிச்சம்.

அந்தத் துணிச்சலில் வந்ததுதான் புளூட்டோ ஏவுகணைத் திட்டம். முன்பக்கம் புகும் காற்று, தகிக்கும் உலைக்குள் நேரடியாகப் பாய்ந்து, சூடேறிப் பின்னால் சீறும். 1964 மே மாதம் நெவாடாவில் டோரி-2சி உலையைத் தரையில் கட்டிவைத்து ஓட்டினார்கள்: சுமார் 5 நிமிடம், 500 மெகாவாட்டுக்கு மேல். ஆக, இயற்பியல் தடுக்கவில்லை. ஆனால் கவசமில்லாத உலையை எந்த ஊர் மேல் பறக்கவிட்டுப் பார்ப்பது? ஜூலையிலேயே மூடிவிட்டார்கள்.

சரி, சின்ன டிரோனுக்கு? செவ்வாயில் ஓடும் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் புளூட்டோனிய மின்கலம் (புளூட்டோனியத்தின் வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவி) 45 கிலோ, தருவது 110 வாட். சீலிங் ஃபேன் ஓட்டலாம், தன் எடையையே தூக்காது. சனிக் கோளின் நிலவான டைட்டனில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நான்கு மடங்கு அடர்த்தி. அதனால்தான் நாசாவின் டிராகன்ஃபிளை டிரோன் அங்கே இதே வகை மின்கலத்தால் பேட்டரியை நிதானமாகச் சார்ஜ் செய்து, தத்தித் தத்திப் பறக்கப்போகிறது.

பூமியில் வெயிலே போதும். 2022இல் செஃபிர் என்ற சோலார் டிரோன் 64 நாள் இறங்காமல் பறந்தது. கடைசியில் அரிசோனாவில் விழுந்து நொறுங்கியது. உள்ளே உலை இருந்திருந்தால்?