உடலியங்கியலைப் புத்தகத்தில் படித்தால் போதாதா? ஆய்வக வகுப்பு எதற்கு?

"மூன்று மணி நேரம் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், விடை எப்படியும் புத்தகத்தில் இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். விலங்கியலில் இரண்டாம் ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன். சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டும் இந்நேரம் கைக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. என் வயிற்றெரிச்சலே அந்த நோட்டில்தான் தொடங்குகிறது.

நான் தேவகோட்டைப் பக்கத்துப் பெண். இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். செட்டிநாட்டில் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை. நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியரும் வாய்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

அன்றைக்கு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அளவிடும் பாடம், சாலி முறையில். விரல் நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, லான்செட்டால் குத்தி, முதல் சொட்டைத் துடைத்தெறிந்துவிட்டு, அடுத்த சொட்டைப் பிப்பெட்டில் 20 கன மில்லிமீட்டர் கோடு வரை உறிஞ்ச வேண்டும். அளவுக் குழாயில் இருக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதை விட்டால் சிவப்பு போய்க் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு நிறம் வரும். பத்து நிமிடம் பொறுத்திருந்து, காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். பக்கத்தில் பொருத்தியிருக்கும் பழுப்புக் கண்ணாடியும் குழாயும் ஒரே நிறமானதும் நிறுத்திவிட்டு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்று அளவைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால் நிறைய நீர் குடிக்கும், அளவும் ஏறும்.

பக்கத்து மேசைப் பையன் விட்டுக்கொண்டே இருந்தான், 14 தாண்டியும் அவனுக்கு நிறம் வெளுக்கவில்லை. எனக்குச் சீக்கிரமே ஒத்துப்போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 8.2.

விரலைப் பிழிந்திருப்பாய், திசுநீர் கலந்திருக்கும் என்றார் ஆசிரியர். அது நியாயமான சந்தேகம்தான், பிழிந்தால் அளவு குறைந்துதான் காட்டும். அடுத்த விரலில் குத்திப் பிழியாமல் எடுத்தேன். 8.4. அதற்குள் மற்றவர்கள் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டிப் பார்த்தால் பெண்கள் எல்லோர் நோட்டிலும் 13. என் தோழிக்கு வந்தது பத்துக்குக் கிட்டே, அவளும் 13 என்றுதான் எழுதியிருந்தாள். சீனியர் நோட்டில் 13 இருந்தது, அவ்வளவுதான் காரணம். நான் 8.2 என்று எழுதினேன். மறுவாரம் அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "இயல்பளவு 12-16, சரிபார்க்கவும்". பத்துக்கு ஐந்து மதிப்பெண்.

மருத்துவம் படித்தவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சாலி முறை தோராயமானது, கண்ணாடி நாள்பட்டால் நிறம் மங்கும், கண்ணுக்குக் கண் வித்தியாசப்படும், இப்போது எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. எல்லாம் தெரியும். ஆனால் 8.2 எங்கே, 13 எங்கே? அந்தத் தூரத்தை மங்கின கண்ணாடி மேல் போட்டுவிட முடியாது.

குழாய்களைக் கழுவி வைக்கும் ஆய்வக உதவியாளர்தான், "ஆத்தா, மார்க்கை விடு, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்துவிடு" என்றார். பார்த்தேன். 8.1. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த வரியை நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற நான்தான் அந்த வரி என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை என்கிறது. எங்கள் வகுப்பில் மட்டும், நோட்டுப்படி, என்னைத் தவிர ஒருத்திக்கும் இல்லை.

அடுத்த வாரம் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு 7.1. அம்மா ஒரு ஆச்சி வீட்டில் சமையல். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிற வீடு. "இத்தனை பெரிய வீட்டில் நடந்தால் அசதி வராதா?" என்பதே பல வருடமாக அவர் சொல்லி வந்த காரணம். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடிப்பார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, இடைவெளி விட்டுக் குடியுங்கள் என்று நர்ஸ் சொன்னதும் மாத்திரையைக் கூட மன்னித்துவிட்டார், டீயைப் பிரிந்த கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு மாதத்தில் நாலு கூட்டம் கேமராவோடு வருகிறது. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் என்று தரையில் படுத்துக்கூடப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கல்லுக்குப் பளபளப்பு தானாக வந்துவிடுகிறதா? தேங்காய் எண்ணெய் தொட்டுக் குனிந்து துடைக்கிறவளை ஒருவராவது ஏறிட்டுப் பார்த்திருப்பார்களா? அவள் படத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று தள்ளி நிற்கத்தான் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. வகுப்புக்குப் போங்கள், வந்த எண்ணை எழுதுங்கள். சீனியர் நோட்டைப் படம் வரைய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த வகுப்பில் கருவியின் ஆட்டத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்காமல் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக் காதில் வையுங்கள். கையில் இறுக்கிய பட்டையைத் தளர்த்தும்போது கேட்கும் என்று 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்ன அந்த முதல் தட்டலைக் கேட்க நான் நான்கு முறை முயல வேண்டியிருந்தது, எட்டுப் பேருக்கு ஒரே கருவி என்பதால் முறைக்கு முறை சண்டை வேறு.

ரத்தம் எடுக்கும் நாளில் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 13 என்று எழுதிய என் தோழி இட்லி சாப்பிடாமல் வந்து, என் விரலில் குத்தியதைப் பார்த்தே மயங்கி விழுந்தாள்.