கார்ட்டூன் எல்லோருக்கும் வரும்

கேள்வி: நாலாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு கார்ட்டூன் என்றால் உயிர். நீயும் வரைந்து பாரேன் என்றால், "எனக்கு வராதும்மா, அக்காவுக்குத்தான் வரும்" என்று நோட்டை மூடிவிடுகிறான். பிறவியிலேயே கையில் இருந்தால்தான் வருமா?
- ஒரு வாசகி, ஒத்தக்கடை

பதில்: இல்லைங்க. உங்கள் மகன் 'ஞ' எழுதுகிறான்தானே? அத்தனை சுழியையும் வளைவையும் பழகிய கைக்கு ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு பெரிய விஷயமே இல்லை, கார்ட்டூன் முகத்துக்கு அது போதும். அந்தப் புள்ளிகளுக்கு மேலே புருவம் போடச் சொல்லுங்கள். மூக்குப் பக்கம் இறங்கினால் கோபம், மூக்குப் பக்கம் ஏறினால் அழுகை, இரண்டும் நெற்றிக்கு ஏறி வாய் வட்டமானால் திகைப்பு. இதை ஒரு முறை தானே செய்து பார்த்துவிட்டால் வராது என்ற பேச்சு பாதி ஓடிவிடும்.

அக்கா வரைவது அநேகமாக அச்சு அசலாக இருக்கும், அது வேறு வித்தை. கார்ட்டூனில் எதை விடலாம் என்று தெரிந்தால் போதும். உங்கள் ஊரிலேயே யானைமலை இருக்கிறதே! அதற்குக் கண் உண்டா, தந்தம் உண்டா? வெறும் விளிம்புதான், ஆனாலும் பார்க்கிற யாருக்கும் படுத்திருக்கும் யானை தெரிகிறது. மொட்டை மாடியில் உட்கார்ந்து பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் அந்த விளிம்பை மட்டும் அவனை இழுக்கச் சொல்லுங்கள், அப்புறம் அவனே ஒரு கண் வைத்துவிடுவான்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லுங்கள். புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேரக் கேட்டபோது திறமை போதாது என்று இடம் தரவில்லை. சிறு வயதிலிருந்தே காக்கைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர், கட்டம்போட்ட கோட்டும் வேட்டியுமாக அவர் படைத்த சாமானியர் பல பத்தாண்டுகள் தினசரியில் வந்தார். எல்லோரும் லட்சுமண் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு வருமா வராதா என்று ஒன்பது வயதில் யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது, அந்தப் பிள்ளையே எழுதிக்கொள்ளவும் கூடாது.

கேள்வி: மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஓவிய ஆசிரியர் இல்லை, எனக்கும் வரையத் தெரியாது. வாரம் ஒரு பீரியட் கிடைக்கிறது. கார்ட்டூன் சொல்லித்தர முடியுமா?
- ஓர் ஆசிரியை

பதில்: தாராளமாக, டீச்சர். நீங்களும் போர்டில் கோணல்மாணலாகப் போடுங்கள், அதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும். முதல் வாரம் ரப்பரை எல்லாம் வாங்கி மேஜையில் வைத்துவிடுங்கள். மூன்று வகைப் புருவம், மூன்று வகை வாய், மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒன்பது முகம், அது போதும் அந்த பீரியடுக்கு. அடுத்த வாரம் உடம்பு: முதுகுக்கு ஒரே கோடு, அது முன்னால் சாய்ந்தால் ஓட்டம், பின்னால் சாய்ந்தால் பயம்.

அப்புறம் மிகைப்படுத்தல். ஜல்லிக்கட்டுக் காளை என்றதும் முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று கேளுங்கள், திமில் என்பார்கள். அப்படியானால் திமிலை மலை மாதிரி ஆக்கு, காலைக் குச்சியாக்கு என்று விட்டுவிடுங்கள், ஒவ்வொரு காளையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆனால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பக்கத்துப் பிள்ளையின் நிறத்தையோ பல்லையோ உடம்பையோ பெரிதாக்கி வரையவே கூடாது. முகம் வேண்டுமென்றால் தன் முகத்தை வரையட்டும்.

மார்க் போடாதீர்கள். சுவரில் ஒட்டினால் எல்லாருடையதையும் ஒட்டுங்கள்.

கேள்வி: பத்திரிகையில் வரும் படத்தின் மேல் தாள் வைத்து என் பேத்தி வரைகிறாள். தடுக்கலாமா?
- ஒரு தாத்தா, திருமங்கலம்

பதில்: வேண்டாம் ஐயா, கை பழக அது நல்லது. வரைந்து முடித்ததும் பத்திரிகையை மூடிவைத்து, அதே ஆள் மழையில் நனைந்தால் எப்படி இருப்பான் என்று கேளுங்கள், அதை அவளே வரையட்டும்.