நீண்ட விடுமுறைக்கு ஒரு நாவல்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கிறேன். ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டாம், மூன்றாம் படிவ மாணவர்கள் படிக்க ஓர் அறிவியல் நாவலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் வாசிப்புக் குழுவுக்கு. பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். நான் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைச் சொன்னேன். சக ஆசிரியர் ஒருவர், "அது 2021-இல் நடக்கிற கதை. அந்த வருடமே போய்விட்டது. பிள்ளைகள் சிரிப்பார்கள்" என்கிறார். எச்.ஜி. வெல்ஸை ஆங்கிலத்திலேயே கொடுத்தால் மொழியும் வளருமாம். உங்கள் கருத்து என்ன?

ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் தேர்வையே கொடுங்கள். தயங்க வேண்டாம்.

வருடம் கடந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அறிவியல் நாவல் ஜோசியம் சொல்வதற்கு எழுதப்படுவதில்லை. எழுதியவர் தன் காலத்தில் எதைக் கண்டு பயந்தார் என்பதுதான் அதில் பதிவாகிறது. இந்த நாவல் எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. இந்தியாவில் 1975 முதல் 77 வரை நெருக்கடி நிலை இருந்தது; கட்டாயக் கருத்தடையும் நடந்தது. அந்த நினைவு ஆறாத காலம். நாவலில் பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி தர வேண்டும். பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது. நிலா, சிபி, ரவி என்று எல்லாரும் அப்படித்தான். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: ஆளைக் கணக்கெடுக்கிற அரசு, ஆளையே கணக்காகப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற பயத்திலிருந்து.

இந்தப் பயத்தை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்கு அருகே தோட்ட நிர்வாகிகளான மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டொரு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அந்த வருடமே, அவசரகால நடவடிக்கையாக, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஐ.சி.யின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் குடியுரிமை வந்தது, குடிமக்களுக்கு நீல அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை என்று பிரிவு வந்தது. தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் சீவி, அங்கேயே முதுமையடைந்தும் சிவப்பு அட்டையோடு இறந்துபோன தாத்தா பாட்டிகளை நமக்கெல்லாம் தெரியும். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் பள்ளிக்கும் தேர்வுக்கும் அல்லாடும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். ஓர் அரசாங்கப் பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அந்த வகுப்பில் சிலருக்கு வீட்டுக் கதை. நாவலின் நாயகி நிலா தன் கணவனைத் தேடி அலையும்போது அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இதைப் பற்றி வகுப்பில் பேசும்போது யாருக்குப் பத்திரம் இல்லை என்று கையைத் தூக்கச் சொல்லிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முதல் ஐ.சி. எடுத்த கதையைக் கேட்டு வரச் சொன்னால் போதும். வருபவை வரும்.

அப்புறம் ஜீனோ. ரவியோடு வரும் இயந்திர நாய். புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, பதில் பேசுகிறது. கைப்பேசியில் இயந்திரத்தோடு பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு இது அதிசயமாக இருக்காது; கட்டளைக்குக் கீழ்ப்படியும் இயந்திரம் எப்போது தானாக யோசிக்கத் தொடங்குகிறது என்ற கேள்விதான் அவர்களைப் பிடித்துக்கொள்ளும். எழுதியவர் பொறியாளர், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் என்பதையும் சொல்லுங்கள். வாக்கு எண்ணும் இயந்திரத்தில் வேலை செய்த கை, ஒரு சர்வாதிகாரியைப் பற்றியும் எழுதியிருக்கிறது.

வெல்ஸ் பெரிய எழுத்தாளர், சந்தேகமில்லை. 1898-இல் வந்த 'உலகங்களின் போர்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று சொல்லுமுன் நாம் டாஸ்மேனியர்களை அழித்ததை நினைத்துப் பாருங்கள் என்று தன் நாட்டு வாசகர்களிடம் கேட்கிறார். ஏகாதிபத்தியம் உச்சத்தில் இருந்தபோது ஓர் ஆங்கிலேயர் கேட்டது அது. அதற்கு இருபத்தொரு வருடங்கள் முன்னால்தான், 1877-இல், உங்களுக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. நம் ஆட்களைக் கூட்டமாகக் கொண்டுவந்த தொழில் அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆக, அந்த நாவலும் நமக்குத் தூரத்துக் கதையில்லை. ஆனால் பழைய ஆங்கிலம், நீளமான வாக்கியங்கள். பதினான்கு வயதில் அகராதியோடு மல்லுக்கட்டினால் கதை கையை விட்டுப் போய்விடும். ஐந்தாம் படிவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் நீங்களே தமிழில் கதையாகச் சொல்லிவிடலாம்.

விடுமுறை தொடங்குமுன் முதல் இரண்டு அத்தியாயங்களை வகுப்பில் சத்தமாக வாசியுங்கள். தொடராக எழுதப்பட்டதால் ஒவ்வொன்றும் அடுத்ததைப் படிக்க இழுக்கும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கதைச் சுருக்கம், பயிற்றி, கேள்வித்தாள் எதுவும் வேண்டாம், தயவுசெய்து.

இதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் பள்ளி நூலகத்தில் இரண்டு மூன்று பிரதிகள் வாங்கி வையுங்கள். இப்போதே கொடுக்க வேண்டாம். பள்ளி திறந்ததும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.