பாம்பு நஞ்சு, அரளி, இரத்த ஓட்டம்: மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: டுரியான் தோட்டத்தில் என் தம்பியைக் காப்பாக் போடோ (மலாயாக் குழிவிரியன்) பாம்பு கடித்தது. கால் வீக்கத்தைத் தவிர வேறு தொல்லை இல்லாதபோதும், மருத்துவமனையில் பல நாள் தங்கவைத்துத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். இது தேவைதானா?
– வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: மிகவும் தேவை. இப்பாம்பின் நஞ்சு இரத்தத்தின் உறையும் திறனைப் பறிக்கிறது. காயத்தில் வலைபோல் பின்னி இரத்தத்தை உறையச் செய்வது ஃபைப்ரினோஜன் என்னும் புரதம். நஞ்சிலுள்ள நொதி அதனை அரைகுறையாக வெட்டுவதால் உறுதியற்ற உறைகளே உருவாகின்றன. அவற்றை உடல் உடனுக்குடன் கரைத்துவிட, சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் ஏறக்குறைய தீர்ந்துபோகிறது.

பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், சக மருத்துவர்களுடன் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், கடிபட்டவர்களின் இரத்தம் நாள்கணக்கில் உறையாமலிருப்பதை விவரித்தார். அவர்களில் பலர் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தனர். அந்த நொதியே பின்னர் ஆன்குரோட் என்ற பெயரில் இரத்தக்கட்டிகளுக்கு எதிரான மருந்தாயிற்று என்பது பினாங்குவாசிகளான நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

உங்கள் தம்பி நலமாகத் தெரிந்ததுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அந்நிலையில் கீழே விழுந்தாலோ, பல் பிடுங்கினாலோ, தசையில் ஊசி போட்டாலோ, வலிக்கு ஆஸ்பிரின் விழுங்கினாலோ இரத்தப்போக்கு நில்லாமல் போகலாம். மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா எனச் சாய்த்துப் பார்க்கிறார்கள். நச்சுமுறி மருந்து கொடுத்த பின்னரும் கடிவாயிலிருந்து நஞ்சு மெல்ல இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால், ஒருமுறை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட இயலாது.

கேள்வி: பூசைக்குப் பறித்த அரளியின் இலையை என் பேத்தி மென்று துப்பினாள், நல்லவேளை, ஒன்றும் நேரவில்லை. அரளி உண்மையிலேயே இதயத்தைத் தாக்குமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாக்கும். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் உள்ள நஞ்சு, இதயத் தசைச் செல்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் அமைப்பை முடக்குவதால், செல்லுக்குள் கால்சியமும் இரத்தத்தில் பொட்டாசியமும் மிகுந்து, துடிப்பு தளர்ந்தோ தாறுமாறாகியோ நின்றும் போகலாம். இதய நோயாளிகளுக்கு அளந்து கொடுக்கப்படும் டிகாக்சினும் இதே வகையைச் சேர்ந்ததுதான் என்பதைக் கேட்டு, அரளி வேரைக் கஷாயம் வைத்துக் குடிப்போர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. இனி இப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.