படிப்பு குறைந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து ஏன் அதிகம்?

படிப்புக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது கேள்வி. இங்கே படிப்பு என்றால் எத்தனாவது வரை படித்தார் என்பது மட்டும்தான்.

2019-இல் வெளியான பியூர் (PURE) என்ற பன்னாட்டு ஆய்வு, இந்தியா உட்பட 20 நாடுகளில் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. ஏழை நாடுகளில் படிப்பு குறைந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நன்கு படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பணக்கார நாடுகளில் இந்த இடைவெளி சிறியது. சொத்து இவ்வளவு தெளிவான வித்தியாசத்தைக் காட்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு, எடை, ரத்த அழுத்தம் என்று மொத்தமாகப் பார்த்தால் ஏழை நாடுகளில் அதிகம் படிக்காதவர்களின் நிலை சற்று நன்றாகவே இருந்தது. குறை சிகிச்சையில்தான். காரைக்குடிப் பக்கம் ஓட்டு வீடுகளைப் பாருங்கள். மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்றிய வீடு அடைமழையைத் தாங்கும். அப்படியே விட்ட வீடு தூறலுக்கே ஒழுகும். பிரஷர் பார்ப்பது, மாத்திரையை நிறுத்தாமல் போடுவது, நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் அந்த ஓடு மாற்றும் வேலை. படிப்பு இதற்கு வழி தெரியவைக்கிறது. அரசு மருத்துவம் நன்றாக இருக்கும் நாட்டில் படிக்காதவருக்கும் அது கிடைத்துவிடுகிறது.

அப்புறம், மாரடைப்பு பணக்காரர் வியாதி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இந்தக் கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை.